சித்திரை வரை தண்ணீர்: ஒழுகிய பண்ணைக் குட்டையை அடைத்த அனுபவம்

2022 தை மாதக் கடைசியில் எங்கள் பண்ணைக் குட்டையின் அடித்தரை தெரிந்தது. கார்த்திகையில் கரை தொட்டு நின்ற தண்ணீர் இரண்டே மாதத்தில் போய்விட்டது. நடுவில் மட்டும் தாம்பாளம் அளவுக்குச் சேறு, அதில் இரண்டு கொக்குகள். பட்டியில் 25 வெள்ளாடு நிற்கிறது. புஞ்சையில் நட்ட கன்றுகளுக்கு நாலு மாதம்கூட ஆகவில்லை. வெயில் காலம் இன்னும் தொடங்கவே இல்லை.

நிலம் சிவகங்கை மாவட்டத்தில், காளையார்கோவில் பக்கம். மூன்றரை ஏக்கர், முழுக்க மானாவாரி. மேலே ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே சரளை. அப்பா காலத்தில் இரண்டு இடத்தில் போர் போட்டோம். ஒன்றில் புகைதான் வந்தது. இன்னொன்றில் கொஞ்ச நாள் தண்ணீர் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. 2016-ல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. அந்த வருடத்தோடு விவசாயத்தை விட்டோம். அப்படியே கிடந்த நிலத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. 2021-ல் நான் ஊர் திரும்பியபோது அதை வெட்டிக் கரிமூட்டக்காரருக்கு விற்ற பணத்தில்தான் குட்டை வெட்டினோம்.

பயிர், ஆடு, கோழி, மீன், மரம் எல்லாம் ஒன்றையொன்று தாங்கும் ஒருங்கிணைந்த பண்ணை என்று மனத்தில் ஒரு படம் இருந்தது. அதில் எதை முதலில் செய்வது என்றுதான் தெரியவில்லை. குட்டையில் தண்ணீரைப் பார்த்ததும் சந்தைக்குப் போய் ஆடு பிடித்து வந்தேன். தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று பார்த்துவிட்டுப் பிடித்திருக்க வேண்டும். இங்கே வருடத்துக்கு 800, 900 மி.மீ. மழை உண்டு. ஆனால் அதில் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களை அந்தத் தண்ணீர்தான் தாங்க வேண்டும்.

குட்டை காய்ந்தது வெயிலாலா, ஒழுகியா என்று மார்கழியிலேயே பார்த்துவிட்டேன். அந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காசில்லாமல் யாரும் செய்யலாம். ஒரு பழைய பெயிண்ட் வாளியில் கனமான கல்லைப் போட்டு, குட்டையில் ஆழம் குறைந்த இடத்தில் இறக்கினேன். வாளிக்குள்ளும் வெளியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிரப்பி, இரண்டு பக்கமும் ஆணியால் கோடு கிழித்தேன். வாளித் தண்ணீர் வெயிலில் மட்டும்தான் குறையும். வெளித்தண்ணீர் வெயிலிலும் குறையும், மண்ணுக்குள்ளும் இறங்கும். ஐந்து நாள் மழை இல்லை, நாங்களும் தண்ணீர் எடுக்கவில்லை. வாளிக்குள் இரண்டரை செ.மீ. இறங்கியிருந்தது. வெளியே 17 செ.மீ. ஆக, நாளொன்றுக்கு அரை செ.மீ. வெயில் குடிக்கிறது, கிட்டத்தட்ட மூன்று செ.மீ. சரளை குடிக்கிறது.

லிட்டர் கணக்குப் போட்டபோதுதான் நிலைமை முழுதாகப் புரிந்தது. அப்போது தண்ணீர்ப் பரப்பு சுமார் 250 சதுர மீட்டர். ஒழுகல் மட்டும் ஒரு நாளைக்கு ஏழாயிரம் லிட்டருக்கு மேல். வெயில் 1,250 லிட்டர். 25 ஆடும் சேர்ந்து குடிப்பது நூறு லிட்டர். ஆட்டுக்குத் தண்ணீர் போதவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், ஆடு குடித்தது கணக்கிலேயே வராத அளவு.

பிளாஸ்டிக் தார்ப்பாய் விரிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். 500 மைக்ரான் தடிமனில் குட்டைக்கென்றே கிடைக்கிறது, நல்ல பொருள்தான். ஆனால் ஆடு மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கும் குட்டையில் குளம்பு பட்டுக் கிழியும் என்று பயம். விலையும் எங்களுக்கு அதிகம். அப்பத்தாதான் சாதாரணமாகக் கேட்டார்: "கம்மாயில கரம்ப கெடக்கு. அத அள்ளிப் பூசாம எதுக்குடா கடைக்கு அலையிற?"

கண்மாயில் படியும் களிப்பான வண்டலைத்தான் எங்கள் பக்கம் கரம்பை என்கிறோம். கண்மாய் மண் எல்லாமே கரம்பை ஆகிவிடாது. வரத்துக்கால் வந்து விழும் இடத்தில் கனமான மணல் முதலில் தங்கிவிடும், நைசான களி உள்ளே தள்ளிப் போய் மடைப் பக்கத்துப் பள்ளத்தில்தான் படியும். கரையை ஒட்டி வெட்டக் கூடாது, கரை பலவீனப்படும். அதனால் கரையிலிருந்து நன்றாகத் தள்ளிச் சில இடத்தில் மாதிரி எடுத்தேன். ஈரப்படுத்திப் பென்சில் கனத்துக்குத் திரித்து, வளையல் மாதிரி வளைத்துப் பார்த்தேன். இரண்டு இடத்து மண் வளைக்கும்போதே ஒடிந்தது, வேண்டாம் என்று விட்டேன். ஒரு இடத்து மண் விரிசலே இல்லாமல் வட்டமாக நின்றது. கையில் ஒட்டிய அந்தக் களி நகக்கண்ணை விட்டுப் போக இரண்டு நாள் ஆனது.

சிட்டா, அடங்கல் நகலோடு மனுக் கொடுத்து அனுமதி வாங்கினோம். புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை விலையில்லாமல் எடுக்கலாம். மண்ணுக்குக் காசில்லை, அள்ளுகூலியும் டிராக்டர் வாடகையும்தான். குட்டைக்கு மட்டும் 34 நடை ஆனது, நடைக்கு 700 ரூபாய். இன்னும் சில நடை அடித்துக் கடலை போடும் கொல்லையில் பரப்பினோம். செம்மண்ணில் கரம்பை சேர்ந்தால் ஈரம் கூடுதல் நாள் நிற்கும், அதைத் தனியாகச் செய்திருந்தாலும் நல்ல செலவுதான்.

மண் வருவதற்கு முன்னால் குட்டையின் வடிவத்தைத் திருத்த வேண்டியிருந்தது. முதல் வருடம் பொக்லைன் ஓட்டியவர் பக்கங்களைச் செங்குத்தாக வெட்டிவிட்டார். ஒரே மழையில் இரண்டு பக்கம் சரிந்திருந்தது. இப்போது ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் சாய்வு கொடுத்தோம். மேலே 20 மீட்டருக்கு 15 மீட்டர், அடியில் 14-க்கு 9, ஆழம் 2 மீட்டர். கொள்ளளவு சுமார் நாலு லட்சம் லிட்டர். பெரிதாக வெட்டியிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அகலம் கூடினால் வெயில் குடிப்பதும் கூடும். எங்கள் மூன்று ஏக்கர் சரிவில் 5 செ.மீ. மழை பெய்தால் ஆறு லட்சம் லிட்டர் விழுகிறது. அதில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் ஓடி வரும், மீதியை மண் குடித்துவிடும், குடிக்கவும் வேண்டும். அப்படி மூன்று நாலு மழைக்கு நிரம்பும் குட்டை போதும்.

வேர்களைப் பிடுங்கி, பொந்துகளை அடைத்து, அடித்தரையில் தண்ணீர் தெளித்தோம். அதன்மேல் கரம்பைக் கட்டிகளை உடைத்து அரைச் சாண் கனத்துக்குப் பரப்பினோம். இனி மிதிக்க வேண்டும். ரோலர் உள்ளே இறங்க வழியில்லை. அது ஆனி மாதத் தொடக்கம். ஊருக்குத் தெற்கே ஒரு கீதாரி, அதாவது மந்தையோடு ஊர் ஊராகப் போகும் ஆட்டுக்காரர், கிடை போட்டிருந்தார், முந்நூறு செம்மறி. போய்க் கேட்டேன்.

"ஐயா, மந்தையக் குட்டைக்குள்ள அடைக்க முடியுமா?"

வந்து பார்த்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஈரம் ஒட்டவில்லை.

"இந்தப் பதம்தான் அப்பு. இதுக்கு மேல தண்ணி விட்டா குளம்பு அழுகிப் போகும். ரெண்டு ராத்திரி அடைக்கிறேன். அதுக்கு மேல கேக்காத."

அந்த இரண்டு ராத்திரியும் நான் கரையில்தான் படுத்திருந்தேன். ஆடுகள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருந்தன. படுப்பது, எழுவது, முட்டுவது, மறுபடி நடப்பது. அந்தக் கூர்மையான குளம்பு மண்ணுக்குள் இறங்கி அடியிலிருந்து அமுக்கிக்கொண்டு வருகிறது. மேல்மண்ணை மட்டும் தட்டையாக்குவது வேறு, இது வேறு. காலையில் பார்த்தால் தரை முழுக்கக் குழிகுழியாக, புழுக்கையும் மூத்திரமும் கலந்து, கட்டி என்று ஒன்றுகூட இல்லை. முதல் ராத்திரி ஒரு அடுக்கு, மறுநாள் பகலில் இரண்டாவது அடுக்கைப் பரப்பி அடுத்த ராத்திரி அதற்கு மிதி. கீதாரிக்கு அரிசியும் கிடைக்கூலியும் கொடுத்தோம். சாய்வுப் பக்கங்களில் ஆடு நிலையாக நிற்காது. அங்கே நானும் மனைவியும் இரண்டு ஆட்களும் திமிசுக்கட்டையால் எட்டு நாள் இடித்தோம். முழு வேலையிலும் கடினமானது அதுதான், தோள்பட்டை வலி ஆடி முழுக்க இருந்தது.

கடைசியாக ஒரு வேலை, விட்டுவிடக் கூடாத வேலை. களி காய்ந்தால் வெடிக்கும். வெடித்தால் அத்தனை உழைப்பும் வீண். அதனால் களியின்மேல் ஒரு கை கனத்துக்குச் செம்மண்ணைப் போர்த்தி, வைக்கோல் பரப்பி, மழை வரும்வரை நாலு நாளைக்கு ஒருமுறை லேசாகத் தெளித்து வந்தோம்.

தண்ணீர் வரும் வாயிலும் முதல் வருடம் அரிப்பு இருந்தது. வாயில் கல் பதித்து, அதற்கு முன்னால் வண்டல் தங்க ஒரு சிறு தொட்டி வெட்டி, பக்கத்தில் வெட்டிவேர் நட்டோம். நிரம்பினால் வெளியேறக் கலிங்கு மாதிரி ஒரு தாழ்வு விட்டோம். கரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். இந்தப் புல்லுக்குச் செம்மண்ணும் வறட்சியும் பொருட்டே இல்லை, கரையையும் பிடிக்கும், ஆட்டுக்கும் ஆகும்.

அந்தக் கார்த்திகையில் குட்டை நிரம்பியதும் மறுபடி அதே வாளி, அதே கோடு. நாளொன்றுக்கு வாளியில் அரை செ.மீ., வெளியே 0.9. மூன்று செ.மீ. ஒழுகல் அரை செ.மீ.க்கும் கீழே வந்துவிட்டது. ஐந்து நாளும் காலையில் எழுந்ததும் முதலில் அங்கேதான் ஓடினேன்.

இனி ஆட்டுக் கதை. குட்டையை அடைப்பதற்கு முன்பே அந்த 2022 பங்குனியில் 25-ல் 14 ஆட்டை விற்றேன். தீனி இல்லை. எல்லோரும் விற்கும் நேரம், சந்தையில் கேட்ட விலைக்குத்தான் கொடுக்க முடியும். வாங்கிய விலைகூட வரவில்லை. அன்றைக்கு எடுத்த முடிவை இன்றுவரை மாற்றவில்லை: சித்திரையில் எத்தனை ஆட்டுக்கு நம் நிலத்தில் தீனி இருக்கிறதோ அத்தனை ஆடுதான் பட்டியில் நிற்கும். கார்த்திகைப் பச்சையைப் பார்த்து எண்ணக் கூடாது.

25 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த கணக்கில் ஏறக்குறைய ஒரு கிலோ தீனி வேண்டும். மாசி பாதியிலிருந்து வைகாசி பாதிவரை மூன்று மாதம், 12 ஆடு, அப்படியானால் 1,080 கிலோ. ஒரு ஏக்கர் மானாவாரிக் கடலையில் காய்ந்த கொடி எங்களுக்கு 800 கிலோ அளவுக்கு வருகிறது. மிச்சத்துக்கு வேலியோரம் அகத்தி, அரை ஏக்கரில் வேலிமசால், புறம்போக்கில் உதிரும் கருவேலங்காய். சரி, 12 ஆடு தாங்கும். ஒரு கிடாய், பதினோரு பெட்டை. குட்டிகளை ஆடிக்குள் விற்றுவிடுகிறோம். கொடியை மழையில் நனையாமல் படப்பு போட்டு மூடி வைப்பது மட்டும் என் மனைவியின் பொறுப்பு, அதில் நான் கை வைப்பதில்லை.

இதனால் கடலைக்கு மதிப்பு கூடிவிட்டது. பருப்பு நமக்கு, கொடி ஆட்டுக்கு, எரு திரும்பக் கொல்லைக்கு. புரட்டாசியில் விதைக்கிறோம், ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை. 2022-ல் கடலைப் பூவின் விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரத்தில் மழை இடைவெளி விட்டது. குட்டையிலிருந்து சின்ன பெட்ரோல் மோட்டாரும் ரெயின் ஹோஸும் வைத்து ஒரே ஒரு தண்ணீர் கொடுத்தோம், 3 செ.மீ. அளவுக்கு. ஏக்கருக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர். அதற்கு மேல் பயிருக்குக் கிடையாது என்று வைத்திருக்கிறேன். 5 செ.மீ. கொடுத்தால் பாதிக் குட்டை காலி, பிறகு சித்திரைக்கு என்ன இருக்கும்?

ஆட்டு எருவில் ஒரு தொந்தரவு வந்தது. முதல் எருவை அப்படியே கொல்லையில் போட்டோம். இருபது நாளில் கடலைக்கு நடுவே வரிசை இல்லாமல் சீமைக் கருவேலங்கன்றுகள் முளைத்தன. வெட்டி ஒழித்ததை ஆடே திரும்ப விதைத்திருக்கிறது. நெற்றைத் தின்னும் ஆட்டின் வயிற்றில் எல்லா விதையும் செரிப்பதில்லை, செரிக்காதது புழுக்கையோடு வெளியே வந்து நன்றாக முளைக்கும். முளைத்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம், சிறு கன்றாக இருக்கும்போது ஈரத்தில் வேரோடு வரும். இப்போது எருவைக் குவித்து, தண்ணீர் தெளித்து, மாதம் ஒருமுறை புரட்டி நாலு மாதம் மக்கவிடுகிறோம். குவியலுக்குள் கை வைத்தால் சுடும். அந்தச் சூட்டில் பெரும்பாலான விதை செத்துவிடுகிறது, தப்பியது குவியலிலேயே முளைத்துக் காட்டிக்கொடுக்கிறது.

மழைக்கு முன்னால் துள்ளுமாரித் தடுப்பூசியை மறக்கக் கூடாது. முதல் மழைக்குப் பிறகு வரும் இளம்புல்லை ஆடு வெறியோடு மேயும், அப்போதுதான் அந்த நோய் அடிக்கும். முதல் வருடம் ஒரு நல்ல பெட்டையைக் காலையில் செத்துக் கிடக்கக் கண்டோம், முந்தின சாயங்காலம் நன்றாகத்தான் மேய்ந்தது. இதே மாதிரி, தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும் இளம் சோளப் பயிரிலும் ஆட்டை விடாதீர்கள். அதில் நஞ்சு இருக்கும்.

கோழிக்கு நான் அதிகம் செய்வதில்லை. நாட்டுக்கோழி இருபது, தானாக மேய்ந்து வரும். குஞ்சுகளுக்கு மட்டும் அப்பத்தாவின் கறையான் பானை. பழைய பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கறையான் மண் பக்கத்தில் கவிழ்த்து வைப்பார். விடிந்ததும் நிமிர்த்தினால் உள்ளே வெள்ளையாக நெளியும். குஞ்சுகளுக்குப் பானைச் சத்தம் பழகிவிட்டது, எடுக்கும்போதே ஓடி வரும். வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து தவறாமல் கொடுக்கிறோம், மற்றபடி அது அப்பத்தாவின் ராஜ்ஜியம்.

மரங்களுக்குப் பானைப் பாசனம். மானாமதுரைக் குயவர்களிடம் பூச்சு இல்லாத, நன்றாகக் கசியக்கூடிய பானைகள் 60 வாங்கினோம், எட்டு லிட்டர் பிடிக்கும். கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்துவரை புதைத்து, வாயில் ஓட்டுச் சில்லு மூடி. ஐந்து நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். 60 கன்றுக்கும் சராசரியாக நாளொன்றுக்கு நூறு லிட்டரைத் தொடவில்லை. சீத்தா, நெல்லி, முருங்கை, நாவல். முதல் கோடையில் பானை இல்லாமல் நட்டதில் பாதிக்கு மேல் போனது, பானை வைத்த பிறகு 60-ல் 53 பிழைத்தது. இரண்டாம் வருடம் ஒரு பானையைத் தோண்டிப் பார்த்தேன். வெளிப்பக்கம் முழுக்கச் சல்லிவேர் வலை பின்னியது போலப் பிடித்திருந்தது, பானையின் நிறமே தெரியவில்லை.

மீன் விட்டது கடைசியாகத்தான். நாலைந்து மாதம்தான் தண்ணீர் நிற்கும் என்பதால் சின்னக் குஞ்சு வாங்கினால் வளராது. விரல்நீளத்துக்கு மேல் வளர்ந்த கட்லா, ரோகு 150 விட்டோம். அதற்கு முன்னால் ஏழு கிலோ சுண்ணாம்பு, அப்புறம் வாரம் ஒரு கூடை சாணி. தை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை மீன் எல்லாம் மேலே வந்து வாய் பிளந்தது. தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது, சாணி அதிகமாகிவிட்டது. ராத்திரியில் பாசியும் சாணியும் சேர்ந்து காற்றை இழுத்துக்கொள்வதால் விடியும் நேரத்தில்தான் மீனுக்கு மூச்சு முட்டும். மோட்டாரைப் போட்டுக் குட்டைத் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து அதே குட்டையில் பீய்ச்சினோம். வெயில் ஏறியதும் மீன் கீழே போனது. ஆறு செத்தது. அதிலிருந்து கை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டுப் பார்ப்பேன். விரல் தெரியாவிட்டால் அந்த வாரம் சாணி கிடையாது.

பங்குனிக் கடைசியில் பிடித்தோம். 96 மீன், மொத்தம் 38 கிலோ. நீர்க்காகம் தின்றது போக மிச்சம். ஊரில் எடை போட்டு விற்றதில் கரம்பை அடித்த டிராக்டர் வாடகையில் நாலில் ஒரு பங்கு வந்தது.

2023 சித்திரை முதல் நாள் அளவுக்கம்பைப் பார்த்தேன். முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, 35 செ.மீ. போன வருடம் இதே நாளில் அங்கே வெடித்த மண்தான் இருந்தது. அந்த 35 செ.மீ.யைப் பாசனத்துக்கு எடுக்கவில்லை. ஆட்டுக்கும் பானைக்கும் போக, அடித்தரை காயாமல் இருக்க அது வேண்டும். வைகாசியில் கோடைமழை வரும்வரை நடுப்பள்ளத்தில் ஈரம் இருந்தது, ஆனால் வடகிழக்கு மூலை காய்ந்து இரண்டு விரல் அகலத்துக்கு வெடித்துவிட்டது.

அடுத்த கார்த்திகையில் நிரம்பியபோது முதல் வாரம் மட்டம் நாளுக்கு ஒன்றரை செ.மீ. இறங்கியது அதனால்தான். களி ஊறி உப்பி, மூன்றாவது வாரத்தில் தானாக அடைத்துக்கொண்டது. இருந்தாலும் அந்த மூலையில் நண்டு வளையும் இரண்டு பார்த்திருக்கிறேன். வருகிற ஆனியில் அங்கே மட்டும் நாலு நடை கரம்பை அடித்து, மறுபடி திமிசு போட வேண்டும். கீதாரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.